இது யாருடைய பாட்டில்?

வகுப்பு முடிந்து கிளம்பும் நேரத்தில் தண்ணீர் பாட்டில்கள்தான் பெரிய வேலை. 22 பிள்ளைகள், 22 பாட்டில்கள், அதில் ஐந்தாறு ஒரே நீல நிறம். பெயர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் ஈரம் பட்டு இரண்டாவது வாரமே உரிந்துவிடும். ஒருநாள் பாட்டில்கள் வைத்திருந்த தட்டு சரிந்து எல்லாம் தரையில் உருண்டன. நானும் ஆயாம்மாவும் ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருடையது, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எதைக் காட்டினாலும் நாலு பேர் "என்னுது" என்றார்கள்.

அப்போது நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி எழுந்து வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குவியலிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள், ஒருவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தாள். ஒரே மாதிரி இருந்த இரண்டு நீல பாட்டில்களைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றாள். ஒன்றின் மூடியை விரலால் தடவினாள். அதில் பல் பதிந்த தடம் இருந்தது. மூடியைக் கடிக்கும் பழக்கமுள்ள பையனிடம் நேராகப் போய் அதை நீட்டினாள். 22 பாட்டில்களும் சரியான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதற்கு மூன்று நாள் முன்புதான் அவளுடைய அரையாண்டு மதிப்பீட்டை எழுதி முடித்திருந்தேன். குறிப்புகள் என்ற இடத்தில் நான் எழுதியது இது: பேசுவதில்லை. குழு விளையாட்டில் கலந்துகொள்வதில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. மூன்று வாக்கியங்கள், மூன்று இல்லைகள். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. பொய் எழுதியிருந்தால் திருத்திவிடலாம். நான் எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் அந்தக் குழந்தை அதில் இல்லை.

தமிழில் குறை என்ற சொல்லுக்குத்தான் எத்தனை வினைகள்! குறை சொல்லலாம், குறை காணலாம், குறைப்பட்டுக்கொள்ளலாம், குறை தீர்க்கலாம். நிறை சொல்வது, நிறை காண்பது என்று அன்றாடப் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அதே நிறை என்ற சொல்லுக்கு எடை என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு சின்னக் குழந்தையின் நிறையை எப்படிக் காண்பது, அதை நிறுத்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி அந்த வாரத்தில் என்னைப் பிடித்தது. சில வருடங்களாக அதைத்தான் படித்துக்கொண்டும் வகுப்பில் முயன்று பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

முதலில் படிவங்களைத் தேடிப் படித்தேன். உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.டி.க்யூ. என்பார்கள். ராபர்ட் குட்மேன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்டது. பலங்களும் சிரமங்களும் என்று பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. மொத்தம் 25 வாக்கியங்கள், ஐந்தைந்தாக ஐந்து பிரிவுகள். அவற்றில் நான்கு பிரிவுகள் சிரமங்களை அளப்பவை: மனவருத்தம், நடத்தைச் சிக்கல், நிலைகொள்ளாமை, கூட்டாளிகளோடு உரசல். ஐந்தாவது ஒன்றுதான் பிறரிடம் பரிவோடு நடந்துகொள்வதைப் பற்றியது. கடைசியில் மொத்த மதிப்பெண் கூட்டும்போது முதல் நான்கை மட்டும் கூட்டி 40-க்கு இவ்வளவு என்று சொல்கிறார்கள். பரிவு அந்தக் கூட்டலில் சேராது, தனியாக நிற்கும்.

அந்தக் கேள்வித்தாளோடு எனக்குச் சண்டை இல்லை. உதவி தேவைப்படும் குழந்தையைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் அது இருக்கிறது, அந்த வேலையைச் செய்கிறது. 1905-ல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியதும் அதே நோக்கத்தில்தான். பள்ளியில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று அறிவதற்காக. சிக்கல் என்னவென்றால், குறையைக் கண்டுபிடிக்கச் செய்த கருவியையே குழந்தையின் முழு உருவம் காட்டும் கண்ணாடியாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டியல் போட்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-ல் 24 குணபலங்களை வகுத்தார்கள். ஆர்வம், துணிவு, நன்றியுணர்வு, தன்னடக்கம், நகைச்சுவை என்று போகும் அந்த வரிசை. பெரியவர்களுக்கு அதை வைத்து நீண்ட கேள்வித்தாள் உண்டு. சிறுவர்களுக்கான வடிவமும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத்தான். நான்கு வயதுப் பிள்ளையிடம் 'நான் எளிதில் மனம் தளரமாட்டேன்: ஆம், ஓரளவு, இல்லை' என்று கேட்டு என்ன செய்வது?

பலம் என்று எதைச் சொல்வது என்பதிலேயே எனக்கு முதலில் தெளிவில்லை. என் மகன் மூன்றரை வயதில் எழுத்துகளைப் படித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வோம். அதுதான் அவன் பலம் என்று எல்லோரும் நினைத்தோம். படி என்றால் படிப்பான், முடித்ததும் ஓடிவிடுவான். அவனாகப் போய்ப் புத்தகத்தை எடுத்த நாள் எனக்கு நினைவில்லை. அதே பையன் கட்டைகளை வைத்துப் பாலம் கட்டுவான். அது விழும். திரும்பக் கட்டுவான், அதுவும் விழும். அழமாட்டான், என்னைக் கூப்பிடமாட்டான். அடியில் வைத்த கட்டையை மட்டும் மாற்றிப் பார்ப்பான். அரைமணி நேரம் கழித்து எழுந்து வரும்போது முகத்தில் களைப்பு இருக்காது, இன்னும் தெளிவாக இருப்பான். அதை நாங்கள் யாருக்கும் காட்டியதில்லை. அதற்குப் பெயரே வைக்கவில்லை.

ஆஸ்திரேலிய உளவியலாளர் லீ வாட்டர்ஸ் பலத்துக்குச் சொல்லும் மூன்று அடையாளங்களைப் படித்தபோது எனக்கு இந்தப் பாலம்தான் கண்முன் வந்தது. நன்றாகச் செய்கிறது, செய்யும்போது உற்சாகம் கூடுகிறது, யாரும் சொல்லாமலே அடிக்கடி அதைத் தேடிப் போகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் பலம். முதலாவது மட்டும் இருந்தால் அது கற்றுக்கொண்ட திறமை. சின்னக் குழந்தைகளிடம் நாம் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டுகிறோம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் கண்ணுக்குச் சீக்கிரம் படாதவை. என் அனுபவத்தில் இந்த வயதில் அவைதான் அதிகம் சொல்பவை.

சுபாவத்தையும் பலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, அதே சமயம் பிரித்துப் போட்டுவிடவும் கூடாது. அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சுபாவத்தை ஒன்பது கோணங்களில் பார்த்தார்கள். அதில் ஒரு வகைக் குழந்தைகள் புது இடத்திலும் புது ஆட்களிடமும் பழக நேரம் எடுத்துக்கொள்பவர்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் அப்படி இருந்தார்கள். என் பாட்டில் பெண் அவர்களில் ஒருத்தி. அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கருத்து: பொருத்தம். சுபாவத்தில் நல்லது கெட்டது என்று இல்லை. குழந்தையின் சுபாவமும் சுற்றியிருப்பவர்கள் அதனிடம் எதிர்பார்ப்பதும் பொருந்துகின்றனவா என்பதுதான் விஷயம். தான் பிடித்ததை விடாத பிள்ளைக்கு அவசரமான வீட்டில் பிடிவாதக்காரன் என்று பெயர். நிதானமான வீட்டில் அதே பிள்ளைக்கு விடாமுயற்சிக்காரன் என்று பெயர்.

சரி, இந்த வயதில் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கண்ட முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இருப்பதிலேயே எளிமையானது. பீட்டர்சனோடு பணியாற்றிய நான்சூக் பார்க் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள 680 குழந்தைகளைப் பற்றி, அவர்களுடைய பெற்றோரையே சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னார்கள். உங்கள் குழந்தை எப்படிப்பட்டது, எழுதுங்கள். அவ்வளவுதான். பிறகு அந்த எழுத்துகளைப் படித்து, 24 பலங்களில் எவையெவை தென்படுகின்றன என்று குறித்தார்கள். அன்பு, துடிப்பு, நம்பிக்கை ஆகியவை நிறையத் தெரிந்த குழந்தைகளை அவர்கள் பெற்றோர் மகிழ்ச்சியானவர்களாகவும் வருணித்திருந்தார்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளிடம் நன்றியுணர்வும் மகிழ்ச்சியோடு சேர்ந்து வந்தது.

நானும் அதைச் செய்து பார்த்தேன். பெற்றோர் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, எல்லோரும் புகழ்ந்துதான் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. பாதிப் பேருக்கு மேல் முதல் வரியிலேயே குறையைத்தான் எழுதினார்கள். சரியாகச் சாப்பிடமாட்டான், சொன்ன பேச்சு கேட்கமாட்டாள், கைபேசி கேட்டு அடம்பிடிப்பான். டீச்சரிடம் கொடுக்கும் தாள் என்றால் புகார்தான் எழுத வேண்டும் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். பழக்கியது என்னைப் போன்றவர்கள்தான். ஒரு அப்பா மட்டும் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "நான் வேலையிலிருந்து வந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவான்." எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் பாட்டில் பெண்ணின் அம்மா எழுதியதுதான் என்னைத் திகைக்க வைத்தது. "வாயாடி" என்று தொடங்கியிருந்தது. தாளை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று மேலே பெயரைப் பார்த்தேன். சரியான தாள்தான்.

"வீட்ல வாய மூடவே மாட்டா மிஸ். ராத்திரி தூங்குற வரைக்கும் பேச்சுதான். இங்க பேசலைன்னு நீங்க ரிப்போர்ட்ல எழுதினப்ப எங்களால நம்பவே முடியல."

யார் சொல்வது சரி? இரண்டுமே சரி. 1987-ல் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 119 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். ஒரே பிள்ளையைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் அப்பாவும் போல ஒரே இடத்தில் பார்ப்பவர்களுக்குள் அது ஏறக்குறைய 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வேறு வேறு இடத்தில் பார்ப்பவர்களுக்குள் 0.28. அவர்கள் பார்த்தது நடத்தைச் சிக்கல்களைத்தான், பலங்களை இல்லை. ஆனால் சொல்லும் செய்தி இங்கும் பொருந்துகிறது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் பெற்றோரையும் பெற்றோர் ஆசிரியர்களையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இடத்துக்கு இடம் வேறாக இருக்கிறது. ஒரு கண் பார்த்தது பாதிதான். அதனால் இப்போதெல்லாம் யாரைப் பற்றியும் குறைந்தது மூன்று பேரைக் கேட்காமல் நான் எதுவும் எழுதுவதில்லை. வீட்டில் ஒருவர், நான், அப்புறம் ஆயாம்மா. மூவரில் ஆயாம்மாவுக்குத்தான் அதிகம் தெரியும். பிள்ளைகள் அவரிடம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருக்கிறார்கள்.

குழந்தையையே கேட்கக்கூடாதா என்றால், கேட்கலாம். 1984-ல் சூசன் ஹார்ட்டரும் ராபின் பைக்கும் இதற்காகப் படங்களால் ஆன ஒரு அளவையைச் செய்தார்கள். ஒரு படத்தில் புதிர்க்கட்டையைச் சுலபமாகச் சேர்க்கும் குழந்தை, பக்கத்தில் திணறும் குழந்தை. இதில் யார் உன்னைப் போல? கொஞ்சம் போலவா, ரொம்பப் போலவா? நான்கு வயதிலேயே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த வயதுக் குழந்தைகள் தங்களை நிஜத்தைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுவார்கள். எல்லாம் எனக்கு நன்றாக வரும் என்பார்கள். அது பொய் இல்லை, தற்பெருமையும் இல்லை. ஆசைப்படுவதையும் முடிவதையும் பிரிக்கும் கோடு இன்னும் விழவில்லை. அதனால் 'நீ எதில் கெட்டிக்காரி' என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். 'நேற்று எதைத் திரும்பத் திரும்பச் செய்தாய்' என்று கேட்டால் நல்ல பதில் வருகிறது.

சோதனை வைத்து அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மார்ஷ்மெல்லோ சோதனையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் நடத்தியது. ஒரு இனிப்பைக் குழந்தைமுன் வைத்து, நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று பேசப்பட்டு, அது கடைசியில் தன்னடக்கத்தை அளக்கும் தராசாகவே ஆகிவிட்டது. 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் தொடக்கத்திலேயே இருந்த அறிவுத்திறன் வேறுபாட்டையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, 2013-ல் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த சின்ன ஆய்வு. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 28 குழந்தைகள். முதலில் படம் வரைய உட்கார வைத்து, இருக்கும் பழைய வண்ணங்களை விட்டுக் கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம், மன்னித்துக்கொள், இல்லை என்று வெறுங்கையோடு வந்தார்கள். ஸ்டிக்கர்களை வைத்து இன்னொரு முறையும் அப்படியே. பிறகுதான் இனிப்பை வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முதல் குழுவில் 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் இருந்தார்கள், இரண்டாவது குழுவில் ஒரே ஒருவர்.

இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இரண்டாவது குழுவில் இருந்த பிள்ளைகளுக்கு நான் ரிப்போர்ட் எழுதியிருந்தால், பொறுமை இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். எதிரே இருக்கும் பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று கணக்குப் போட்டு, மாட்டார் என்று சரியாக முடிவெடுத்த பிள்ளைகள் அவர்கள். நாம் அளந்தது பொறுமையையா, நம்பகத்தை எடைபோடும் புத்தியையா? பொறுமை என்பது ஒரு குழந்தைக்குள் இத்தனை கிராம் என்று வைத்திருக்கும் பொருள் இல்லை. அதே குழந்தைக்கு ஒரு பெரியவர் முன் அது இருக்கும், இன்னொருவர் முன் இருக்காது. என் வகுப்பில் எத்தனை முறை 'அப்புறம் தரேன்' என்று சொல்லிவிட்டு மறந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அதே காரணத்தால், வகுப்பில் என்ன பொருள் இருக்கிறது என்பதும் அளவையின் பகுதிதான். 1984-ல் ஹோவர்ட் கார்ட்னரும் டேவிட் ஃபெல்ட்மனும் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் என்ற திட்டத்தில், மழலையர் வகுப்புக்குள் விதவிதமான பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். உணவு அரைக்கும் கைக்கருவி ஒன்றைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். பொம்மைகளை வைத்துக் கதை சொல்லவைத்தார்கள். பேருந்தில் ஏறி இறங்குபவர்களைக் கணக்கு வைக்கும் விளையாட்டு ஒன்று. கழற்றி மாட்ட ஒரு பொருளும் இல்லாத வகுப்பில், கழற்றி மாட்டும் பிள்ளை வெறும் குறும்புக்காரன்தான். அந்தத் தட்டு சரியாமல் இருந்திருந்தால் என் பாட்டில் பெண் இன்னும் அந்த மூன்று இல்லைகளுக்குள்தான் இருந்திருப்பாள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் 1996-ல் மழலையர் கல்விக்கான தேசியப் பாடத்திட்டம் வந்ததைத் தொடர்ந்து, மார்கரெட் கார் என்ற கல்வியாளர் 'கற்றல் கதைகள்' என்ற முறையை வளர்த்தெடுத்தார். சரிபார்ப்புப் பட்டியலுக்குப் பதிலாக, குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருந்த தருணத்தை ஒரு சின்னக் கதையாக எழுதிவைப்பது. குழந்தைக்கும் வீட்டாருக்கும் அதைப் படித்துக் காட்டுவது. நான் அதைச் சுருக்கி, ஆளுக்கு ஒரு நோட்டு போட்டேன். ஒரு பதிவு என்பது மூன்று நான்கு வரி. தேதி, இடம், கூட யார், என்ன செய்தது, என்ன சொன்னது. விதி ஒன்றுதான்: குணத்தைச் சொல்லும் அடைமொழி கூடாது. அன்பான, சுறுசுறுப்பான, பொறுப்பான, இதெல்லாம் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். இது கேட்க எளிது, கைக்குக் கஷ்டம். முதல் மாதத்தில் நான் எழுதியதில் பாதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

அளப்பது எங்கே வருகிறது? எண்ணிக்கையில். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டி, ஒரே மாதிரியான செயல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுவேன். அதில் யாரும் சொல்லாமல் செய்தது எத்தனை. எத்தனை இடங்களில், எத்தனை விதமான ஆட்களோடு. எவ்வளவு நேரம். தடங்கல் வந்தபிறகு திரும்பத் தொடங்கியதா. ஒரே இடத்தில் பத்துத் தடவை வந்ததைவிட நான்கு இடத்தில் நான்கு தடவை வந்ததற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 1999-ல் பால் லெபஃப், ஜாக் நாக்லியெரி இருவரும் இரண்டு முதல் ஐந்து வயதுக்காகச் செய்த டெக்கா என்ற படிவமும் இதே வழியில்தான் போகிறது. கடந்த நான்கு வாரங்களில் இது எவ்வளவு அடிக்கடி நடந்தது என்றுதான் கேட்கிறது, குழந்தை எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. முனைப்பு, தன்னைக் கட்டுப்படுத்துதல், பிணைப்பு என்று மூன்றைப் பார்க்கிறது. நேரமில்லாத பள்ளிகளுக்கு அது நல்ல துணை. எதில் அளந்தாலும், ஒரு குழந்தையைப் பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் இருந்த அதே குழந்தையோடுதான் ஒப்பிடுகிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பெற்றோர் அடிக்கடி சொல்கிறார்கள். நோட்டைக் காட்டியதும் சிலர் உடனே கேட்பது, அப்போ இவன் பெரியவனாகி என்ன ஆவான் என்றுதான். என் நோட்டு அதற்கில்லை. நான்கு வயதில் தெரிவது இன்றைய பலம். அடுத்த வருடம் அது வேறு உருவம் எடுக்கலாம், காணாமலும் போகலாம். நாளைக் காலை இந்தப் பிள்ளைக்கு எதைக் கையில் கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் அளக்கிறேன்.

கண்டுபிடித்த பலத்தை என்ன செய்வது என்பதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். பாட்டில் பெண்ணுக்கு நான் ஒரு அட்டை செய்து மாட்டினேன்: பாட்டில் தலைவி. தினமும் வேலை முடிந்ததும் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். முதல் வாரம் அருமையாகப் போனது. இரண்டாவது வாரம், ஒவ்வொரு பாட்டிலையும் கொடுத்துவிட்டு அவள் பார்த்தது அந்தப் பிள்ளையின் முகத்தை இல்லை, என் கையை. மூன்றாவது வாரம் ஒருநாள் ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் ஸ்டிக்கர் வந்தபிறகும் எழுந்திருக்கவில்லை.

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த ஆய்வை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். ஸ்கெட்ச் பேனாவில் வரைய ஆசையாக இருந்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பேனாக்கள் சும்மா கிடந்தபோது அந்தக் குழு வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. நட்சத்திரத்தில்கூட வித்தியாசம் இல்லை.

அட்டையிலும் தவறு இருந்தது. ஆந்திரே சிம்பியன் குழுவினர் 2007-ல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு விதமாகப் பாராட்டிப் பார்த்தார்கள். 'நீ நன்றாக வரைபவள்' என்பது ஒன்று, 'இதை நன்றாக வரைந்தாய்' என்பது இன்னொன்று. எல்லாம் நன்றாகப் போகும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பின்னர் வரைந்ததில் ஒரு பிழை வந்ததும், முதல் விதமாகப் பாராட்டப்பட்டவர்கள் அதிகமாக மனம் வாடினார்கள். வரைபவள் என்று பெயர் வாங்கிய பிறகு பிழை வந்தால், கெடுவது படம் மட்டும் இல்லை. தலைவி என்று ஒரு நான்கு வயதுக் குழந்தையின் கழுத்தில் மாட்டிய அட்டையை நான்தான் கழற்றினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் அவள் நோட்டில் பாட்டில் பற்றி ஒரு பதிவும் இல்லை. போய்விட்டது, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆறாவது வாரம் ஒரு புதுப் பையன் சேர்ந்தான். வந்த நாளிலிருந்து அழுகை. அன்றைய பதிவு இது: "காலை. புதுப் பையன் கதவருகே அழுதுகொண்டிருந்தான். எழுந்து போய்த் தட்டைப் பார்த்தாள். அவன் பாட்டிலை எடுத்துத் தன் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டினாள். பேசவில்லை. அவன் பார்த்தான்." நான் ஒன்றும் சொல்லவில்லை, கைதட்டவில்லை. எழுதிவைத்தேன்.

அந்த வருடக் கடைசிச் சந்திப்பில் அவள் அம்மாவிடம் படிவத்தைக் கொடுக்கும் முன் நோட்டைப் படித்துக் காட்டினேன். பதினேழு பதிவுகள். எட்டில் பாட்டில்கள், மற்றவற்றில் பைகள், யாரோ விட்டுச்சென்ற பென்சில், ஆயாம்மாவின் சாவி. பதினைந்து யாரும் சொல்லாமல் செய்தவை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"அவ பாட்டிக்கு மூணு கண்ணாடி இருக்கு மிஸ். எத எங்க வச்சோம்னு மறந்துருவாங்க. எது படிக்க, எது டிவி பாக்கன்னு இவதான் தேடி எடுத்துக் குடுப்பா. அத நாங்க ஒரு விஷயமாவே நெனச்சதில்ல."

"எப்பலேர்ந்து?"

"யோசிச்சா… மூணு வயசுலேர்ந்தே இருக்கும்."

நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்களே எழுதிடுங்களேன்" என்றேன். தேதி போட்டுவிட்டு எழுதத் தொடங்கினார். 'பொறுப்பான பிள்ளை' என்று இரண்டு வார்த்தை எழுதியவர் நிறுத்தி, மேலே நான் எழுதியிருந்த பதிவுகளை ஒருமுறை பார்த்தார்.

"மிஸ், இது வேணாம்ல?" என்று கேட்டு அதை அடித்துவிட்டு, பாட்டியின் கண்ணாடியிலிருந்து மறுபடி தொடங்கினார்.